பொங்கிய தேன்

போளூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். தென்மேற்கே பருவதமலை தனியாக நிமிர்ந்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணி வரை இரண்டுமே கண்ணில் படாது. மூடுபனி விலகிய பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இந்த மலைக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். தொகை 192 ரூபாய். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கதையையும், அதை நான் புரிந்துகொள்ள உதவிய சரித்திரத்தையும் இன்று எழுதுகிறேன். குளிரும் பனியும் ஒரு ஊரின் பானத்தை எப்படி உருவாக்குகின்றன என்பதுதான் விஷயம். பிரான்சு தேசத்தில் தொடங்கி ஜமுனாமரத்தூரில் முடியும். பொறுமையாகப் படியுங்கள்.

நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும் பிரெஞ்சு வழிப் படிப்பு போகவில்லை. நான் படித்ததெல்லாம் அந்த வழியில்தான். ராசினும் கொர்னெய்யும் லா ஃபோந்தேனும் மனப்பாடம். சங்க இலக்கியம் என்று ஒன்று இருப்பதே பள்ளியில் எனக்குத் தெரியாது. அப்பா காலமான பிறகு அம்மா தன் பிறந்த ஊரான போளூருக்கு எங்களை அழைத்து வந்தார். தமிழ்நாட்டு அரசுப் பணியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, தமிழ் வழியில் படிக்காதவன் என்பதால் தமிழ்மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவன் தமிழில் தேர்வு எழுதுவதைப் பார்த்து அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் பள்ளியில் தினமும் 'திக்தே' உண்டு. ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு நாள் பாடம் ஷாம்பாஞ் என்ற பகுதியைப் பற்றியது. நம்மவர்கள் ஷாம்பெய்ன் என்று சொல்கிற மது பிறந்த இடம். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் மூடுபனி, பனித்துளி, உறைபனி, விழும் பனி என்று நான்குக்கும் நான்கு பிரெஞ்சுச் சொற்களைப் பிழையில்லாமல் எழுதக் கற்றோம். ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஆசிரியர் நம்மூர்க்காரர். கரும்பலகையில் ஒரு பாட்டில் வரைந்து, அதன் மூடியைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதையும் வரைந்தார். "ஏன் கட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார்: "குளிர்தான் காரணம்."

அவர் சொன்ன காரணம் சரியானது. ஷாம்பாஞ் பிரான்சின் வடக்கே இருக்கிறது. அங்கே திராட்சை மெதுவாகவும் சிரமப்பட்டும் பழுக்கும். வெப்பமான இடத்தில் பழுத்த திராட்சையில் இனிப்பு ஏறிப் புளிப்பு இறங்கிவிடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு பழத்திலேயே தங்கும். அந்தப் புளிப்புதான் ஷாம்பாஞ் மதுவின் முதுகெலும்பு. இலையுதிர் காலத்தில் பறித்த பழத்தின் சாறு நொதிக்கத் தொடங்கும். அதற்குள் கடுங்குளிர் வந்துவிடும். நொதிக்க வைக்கும் நுண்ணுயிர் குளிரில் உறங்கிவிடும். நொதிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணிப் பாட்டிலில் அடைப்பார்கள். வசந்தம் வந்து நிலவறை சற்றுச் சூடானதும் அது விழித்துக்கொண்டு மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். வெளியேற வழியில்லாத வாயு மதுவில் கரைந்து நிற்கும். மூடி பறக்கும், பாட்டில் வெடிக்கும்.

அந்தக் காலத்தில் இது பெரிய குறையாகக் கருதப்பட்டது. பிசாசின் மது என்றுகூடப் பெயர் வைத்தார்கள். ஓவில்லெர் மடத்தின் பண்டகசாலையைக் கவனித்துவந்த தோம் பெரிஞோன் என்ற துறவி (1638-1715) குமிழியைக் கண்டுபிடித்தவர் என்று கதை சொல்வார்கள். உண்மையில் அவர் குமிழி வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார். பின்னால் வந்தவர்கள் அந்தக் குறையையே அந்த இடத்தின் பெருமையாக்கிவிட்டார்கள்.

பனிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தென்மேற்குப் பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே சோத்தேர்ன் என்ற சிறு பகுதி. அங்கே சிரோன் என்ற குளிர்ந்த ஓடை, அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்தச் சேர்க்கையால் மாலையிலும் காலையிலும் மூடுபனி எழும், பகலில் வெயில் வரும். பனியின் ஈரத்தில் திராட்சை மேல் ஒருவகைப் பூஞ்சணம் படரும். மற்ற இடங்களில் அது பயிரை அழிக்கும். இங்கே பகல் வெயில் இருப்பதால் பழம் அழுகிக் கொட்டாமல் சுருங்கி, உள்ளே இனிப்பு திரளும். அதிலிருந்து வருவது உலகப் புகழ்பெற்ற இனிப்பு மது. 1855இல் போர்தோ மதுக்களைத் தரம் பிரித்தபோது, சோத்தேர்னின் ஒரே ஒரு தோட்டத்துக்குத் தனியாக முதலிடத்துக்கும் மேலான இடம் கொடுத்தார்கள். இத்தனைக்கும் மூலம் பனி.

மண், சரிவு, மழை, பனி, வெயில், அங்கே வாழ்கிறவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்குக் கொடுக்கும் குணத்தைப் பிரெஞ்சில் 'தெர்வார்' என்பார்கள். இந்தச் சொல்லைப் பத்து வயதிலேயே எழுதத் தெரியும். அதை நான் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. அதுதான் கதை.

1978 என்று நினைவு. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு, ஒரு பொருட்காட்சியில் வைக்க மலைத் தேன் தேவைப்பட்டது. தை மாதத்திலேயே வேண்டும் என்று அவசரக் கடிதம் எழுதியவன் நான்தான். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளிப் பெரியவர் கொண்டுவந்து கொடுத்தார். மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்லர். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை எல்லாம் வாழும் பழங்குடியினருக்கு அதுதான் பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று அவர்கள் சொல்வார்கள். தேன் மொத்தம் 24 பாட்டில். பாட்டிலுக்கு 8 ரூபாய் என்று பேச்சு. தக்கை அடைத்து, துணி சுற்றிக் கட்டி, ஒன்றுகூடச் சிந்தாமல் தலைச்சுமையாகவும் பேருந்திலுமாக இறக்கியிருந்தார்.

பொருட்காட்சி தள்ளிப்போயிற்று. பாட்டில்கள் எங்கள் ஓட்டுக் கட்டடத்தின் பின்னறையில் கிடந்தன. பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம் பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தக்கை உத்தரத்தில் அடித்து விழுந்திருக்கிறது, நுரை வழிகிறது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் ஏழெட்டு. முகர்ந்தால் தேன் வாசனையோடு ஒரு புளித்த வாசனை. மேலதிகாரி என்ன என்று கேட்டார். நான் குறிப்புத் தாளில் எழுதினேன்: "தேனில் சர்க்கரைப் பாகு கலக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. தொகை வழங்குவதை நிறுத்தி வைக்கலாம்." சுருக்கொப்பமிட்டேன். அப்படியே ஆணையாகிவிட்டது.

பணம் வராததால் பெரியவர் இறங்கி வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள்.

"சர்க்கரைப் பாகு ஊத்தாம தேன் எங்கய்யா பொங்கும்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அடைமழ முடிஞ்ச கையோட எடுத்ததுங்க சாமி. பனி குடிச்ச தேனு. மலையில இருந்தா சும்மா கெடக்கும். கீழ எறக்கி வெக்கையில வெச்சா பொங்கத்தான் செய்யும். சித்திரைத் தேனு கேட்டிருந்தா இப்பிடி ஆயிருக்காது. நீங்கதான் தை மாசமே வேணும்னீங்க."

"இந்தக் கதையெல்லாம் வேற எடத்துல சொல்லு" என்றேன். வயதில் என் அப்பாவை ஒத்தவரை ஒருமையில் பேசினேன். அவர் மிச்சமிருந்த பாட்டில்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். தொகை வழங்கப்படவில்லை.

தக்கை ஏன் பறக்கிறது என்பதைப் பத்து வயதில் கரும்பலகையில் பார்த்துப் படித்தவன் நான். ஷாம்பாஞ்சில் நடந்தால் சரித்திரம், ஜவ்வாது மலையில் நடந்தால் கலப்படம் என்று எழுதிவிட்டேன். அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

2008இல் ஓய்வு பெற்றேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஐம்பது வருடம் தாமதமாகத் தமிழ் படிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் அவர், "நம்ம ஊர்ப் பாட்டு ஒன்று இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். அதுதான் மலைபடுகடாம்.

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாவைத் தலைநகராகக் கொண்ட நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். அவன் நாட்டுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர். பல குன்றுகள் உள்ள நாடு. பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடிப் பாலாற்றில் சேரும் நம் செய்யாறு. நவிரம் என்ற மலை பருவதமலைதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சிட்டார். அன்றிலிருந்து அச்சில் இருக்கிற பாட்டு, நான் மொட்டை மாடியிலிருந்து தினமும் பார்க்கும் மலைகளைப் பற்றியது!

பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், பரிசில் தேடிப் போகும் இன்னொரு கூத்தனுக்கு மலைவழி சொல்வதாகப் பாட்டு அமைந்திருக்கிறது. எந்த இடத்தில் வழுக்கும், எங்கே பன்றிப் பொறி வைத்திருப்பார்கள், எந்தச் சிற்றூரில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் விவரம் வரும். மலையில் கேட்கும் ஒலிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இரண்டு ஒலிகள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒன்று, குரங்கும் ஏற முடியாத செங்குத்துப் பாறையில் மூங்கில் கண்ணேணி சார்த்தித் தேனெடுக்கிறவர்கள் எழுப்பும் ஆரவாரம். மற்றொன்று, நறவு குடித்து மகிழ்ந்த குறவர்கள் தம் பெண்களோடு மான்தோல் சிறுபறை முழங்க மலையுச்சியில் ஆடும் குரவை.

அந்த நறவு என்ன என்பதற்கும் பாட்டில் விடை இருக்கிறது. மலையூரில் விருந்தினர்களுக்குக் கொடுப்பது, மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன் தேறல். தேறல் என்றால் தெளிந்த மது. திருமுருகாற்றுப்படையிலும் மலைவாழ் மக்கள் மூங்கிலில் விளைந்த தேன் தேறலைச் சுற்றத்தோடு உண்டு ஆடுகிற காட்சி வருகிறது. ஆசிரியர் உரையைப் படித்து முடித்தபோது நான் பேசாமல் இருந்தேன். "என்ன ஐயா?" என்றார். பங்குனி மத்தியானத்தில் கேட்ட அந்தப் பட்டென்ற சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு விஞ்ஞானம் தேடிப் படித்தேன். மிக எளிமையானது. தேன் கெடாது என்று நாம் சொல்வது, அதில் நீர் குறைவாக இருப்பதால். நன்றாக முதிர்ந்து மெழுகால் மூடப்பட்ட அடையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவில்தான் நீர் இருக்கும். அந்த அடர்த்தியில் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர் வேலை செய்ய முடியாது. ஆனால் தேன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மழையும் பனியுமாக இருக்கும் காலத்தில் அடை முதிர்வதும் தாமதமாகும், எடுத்த தேனும் ஈரம் குடிக்கும். நீர் இருபது பங்கைத் தாண்டினால் தேனிலேயே இருக்கும் நுண்ணுயிர் வேலையைத் தொடங்கிவிடும். குளிரில் மெதுவாக, சூட்டில் வேகமாக. "பனி குடிச்ச தேனு" என்று பெரியவர் சொன்னது கவிதை இல்லை. அப்பட்டமான விஞ்ஞானம்.

இப்போது மலையின் தட்பவெப்பத்தைப் பாருங்கள். ஜவ்வாது மலை ஊட்டி போலவோ கொடைக்கானல் போலவோ உயர்ந்ததல்ல. மேட்டு நிலம் பெரும்பாலும் 700 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி போளூரைவிட மேலே நான்கைந்து டிகிரி குறைவு. இது பெரிய குளிர் இல்லை என்று தோன்றும். ஆனால் வேலூரும் போளூரும் நாற்பது டிகிரியில் வேகும்போது அந்த நான்கைந்து டிகிரிதான் மலையை வேறு நாடாக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றிலும் மழை, வடகிழக்குப் பருவக்காற்றிலும் மழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண், மார்கழியில் வானம் தெளிந்த இரவுகளில் சூட்டை இழந்து குளிரும். குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கும். விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றியது போல மூடுபனி. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். பனியும் உண்டு, அதை விரட்டும் வெயிலும் உண்டு. சோத்தேர்னைப் பற்றிச் சொன்னேனே, அதே மாதிரி.

பனி முடிந்தபின் வரும் மாதங்களின் தெளிந்த இரவுகளுக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இதே மலையில் ஆலங்காயத்துக்கு மேலே, 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. இரவு வானத்தை ஆராயப் பொருத்தமான இடம் தேடிய விஞ்ஞானி வைணு பாப்பு அதைத்தான் தேர்ந்தெடுத்தார். 1968இல் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய இடத்தில், 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். மழைக்காலத்தில் அங்கே மேகத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தை பிறந்து பனி குறையக் குறைய நட்சத்திரம் கொட்டும். அதே கணக்கில்தான் தேனும் நடக்கிறது. மழையும் பனியும் உள்ள மாதங்களில் நீர்த்த தேன். கோடையில் கெட்டித் தேன். பெரியவர் சித்திரைத் தேன் என்றாரே, அது இதுதான்.

சமவெளியின் பானம் கள். அதன் தெர்வார் வெப்பம். பொழுது விடியும்போது இனிக்கும், உச்சிப்பொழுதில் சுறுக்கென்று இருக்கும், மறுநாளைக்குக் காடியாகிவிடும். வைத்திருந்து குடிக்க முடியாது. அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்குத் தீர்க்க வேண்டிய பானம். மலையில் குளிர் இருப்பதால் நொதிப்பு நிதானமாக நடக்கும். மூங்கிலில் ஊற்றி, காத்திருந்து, தெளியவைத்து எடுக்கலாம். காத்திருக்க முடிகிற இடத்தில்தான் தேறல் என்ற சொல்லுக்கே அர்த்தம் உண்டு. தமிழில் கள் என்றும் தேறல் என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பது வீணாக இல்லை.

திராட்சையும் இதையேதான் சொல்கிறது. நம் தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பெயர்பெற்ற இடம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே கொடியை உறங்கவைக்கும் கடுங்குளிர் கிடையாது. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சுத் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை. அதனால்தான் அவர்கள் எந்த வருடத்து மது என்று கேட்டு வாங்குகிறார்கள். கம்பத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சை பழமாகவே தின்னத் தகுந்தது. அதன் பெருமை அது. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

வெளிநாட்டு மதுவும் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டுக்குச் சைக்கிளில் போயிருக்கிறேன். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்கப் பருகுமாறு வாழ்த்துகிறார். அரசனுக்குக் கப்பலில் வந்த தேறல். மலைவாசிக்கு மூங்கிலில் விளைந்த தேறல். கப்பலில் வந்ததை வீலர் மண்ணிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டார். மூங்கில் மட்கிப் போகும். அதனால் அதற்குப் பாட்டு மட்டும்தான் சாட்சி.

'தெர்வார்' என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதை நம்மவர்கள் திணை என்று சொன்னார்கள் என்பது என் எண்ணம். குறிஞ்சித் திணைக்கு நிலம் மலை. பொழுது கூதிரும் முன்பனியும், நாளில் நள்ளிரவு. தொழில் தினை காத்தலும் தேன் எடுத்தலும். நிலத்தையும் பனியையும் பயிரையும் தொழிலையும் பறையையும் ஒரே கட்டில் வைத்துப் பார்க்கிற பார்வை அது. முன்பனி, பின்பனி என்று பனிக்கு இரண்டு பருவம் பிரித்தவர்கள் நாம். நான்கு பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுக்கொண்ட எனக்கு இந்த இரண்டு சொற்களும் அறுபது வயதுக்குமேல்தான் தெரிந்தன.

அப்படியானால் அந்தத் தேறல் எங்கே போயிற்று? நீண்ட காலம் உண்டு, என்னென்னவோ நடந்திருக்கும். எனக்குத் தெரிந்த பகுதி சட்டங்களின் பகுதிதான். 1886இல் மதராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. மது காய்ச்சுவதும் விற்பதும் அரசாங்கத்தின் உரிமமும் வரியும் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்று. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1939இல் அது நம் வடாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் ஆனது. மதுவிலக்கு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. குடியால் நொந்த வீடு எங்கள் உறவிலும் உண்டு. குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் தேன் தேறலும் ஒன்றுதான், வேலம்பட்டையும் வெல்லமும் ஊறப்போட்டுக் காய்ச்சும் சாராயமும் ஒன்றுதான். மலை என்றாலே கள்ளச்சாராயம் என்று நாங்கள் கோப்புகளில் எழுதிப் பழகிவிட்டோம். பெரியவரின் பாட்டில் பொங்கியபோது என் மூக்குக்கு முதலில் எட்டியதும் அந்தச் சந்தேகம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பாஞ் பெயரில் விற்கிறார்கள் என்று 1911இல் அங்கே விவசாயிகள் பெரும் கலவரம் செய்தார்கள். பிறகு எல்லை வகுத்தார்கள். 1935இல் இன்ன இடத்தில் இன்ன முறையில் விளைந்ததுதான் இன்ன பெயருக்கு உரியது என்று தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. நம் நாட்டில் அதற்கு ஒப்பான புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பின்னாலே கொடைக்கானல் மலைப்பூண்டும் சேர்ந்தது. இவையும் குளிரும் பனியும் கொடுத்த குணம்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மலைக்காரருக்குச் சாமை, தேன், பலா, புளி, சீதாப்பழம் இவைதான் வருமானம். அதன் குணத்தை அறிந்தவன் அதற்குரிய விலை கொடுப்பான். அறியாதவன் என்னைப் போலக் கலப்படம் என்று எழுதுவான், இல்லையென்றால் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். விளைந்ததற்கு விலை இல்லாதபோது ஆட்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதில் நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று செய்தித்தாளில் ஊர்ப் பெயர்களைப் படித்தபோது எனக்கு அந்தச் சாக்கு மூட்டை நினைவுக்கு வந்தது. ஒரு குறிப்புத் தாளுக்கும் இருபது சாவுக்கும் நேரான தொடர்பு இல்லைதான். ஆனாலும் நினைவு வந்தது.

மலைபடுகடாம் படித்த அந்த ஆண்டு தை மாதம் அத்திமூர் வழியாகப் பேருந்தில் ஜமுனாமரத்தூர் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பெரியவர் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பேரன் இருந்தார். நாற்பது வயது இருக்கும். வாசலில் சாமை காயப்போட்டிருந்தார்கள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அத எதுக்குங்க ஐயா இப்ப. தாத்தா அதப் பத்திப் பேசுனதே இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு தடவ கீழருந்து பொங்குன தேனு ஒரு மூட்ட திரும்பி வந்துச்சுன்னு அப்பா சொல்லுவாரு. திருவிழா சமயமாம். ஊரே குடிச்சு ஆடுச்சாம்."

சாமை மூன்று படி வாங்கினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். தேன் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "இது பனித் தேனுங்க ஐயா, கீழ கொண்டுபோனா பொங்கும். சித்திரையில வாங்க" என்றார். அதே குடும்பம், அதே பேச்சு. சித்திரையில் மறுபடி போய் வாங்கி வந்தேன். பல வருடம் ஆகியும் அதில் மிச்சம் இருக்கிறது. பொங்கவில்லை.

செங்கம், போளூர், ஆலங்காயம் பக்கத்து நண்பர்கள் யாருக்காவது மூங்கிலில் தேன் வைத்த பழக்கம் பற்றிப் பாட்டி தாத்தா சொல்லிக் கேட்ட நினைவு இருந்தால் எழுதுங்கள். நமக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.

அந்தக் கோப்பை எப்போதோ அழித்திருப்பார்கள். அதில் திருத்தம் எழுத எனக்கு இனி அதிகாரமும் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்: 24 பாட்டில் தேன் குறித்து என்னால் எழுதப்பட்ட குறிப்பு தவறானது. தேன் சுத்தமானது. தொகை 192 ரூபாய் நிலுவையில் உள்ளது.